யமுனாவின் வலது கை

சாஃப்ட்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறதே, அந்தப் பந்தை எப்போதாவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பெயரில் மட்டும்தான் சாஃப்ட். கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது. வேகமாக வந்து மேலே பட்டால், பட்ட இடம் ஒரு வாரத்துக்கு நீலமாக இருக்கும்.

இதெல்லாம் விளையாட்டுச் செய்தி எழுதும் எனக்கே சமீபத்தில்தான் தெரியும். ராயபுரத்தில் நான் காலையில் நடக்கப் போகும் மைதானத்தின் ஒரு மூலையில் பக்கத்துப் பள்ளிப் பெண்கள் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். சுவருக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஸ்டெல்லா கத்துவது அதையும் தாண்டிக் கேட்கும்.

ஸ்டெல்லா ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இவள் எறியும் பந்து வளையாது, எழும்பாது... ரூல் தடி வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும். சிக்கல் என்னவென்றால், அதைப் பிடிக்க ஆள் இல்லை. ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற பெண் அப்பாவின் மாற்றலோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள்.

ஃபர்ஸ்ட் பேஸ் என்பது தரையில் கிடக்கும் ஒரு சின்ன மெத்தை. பந்தை அடித்தவள் அதை நோக்கி ஓடி வருவாள். அவள் வந்து சேர்வதற்குள், ஒரு கால் மெத்தையைத் தொட்டபடி பந்தைப் பிடித்துவிட வேண்டும். எட்டிப் பிடிக்கலாம்; காலை மட்டும் எடுக்கக் கூடாது.

ஸ்டெல்லா தன் வகுப்புத் தோழி யமுனாவை இழுத்து வந்தாள். வியாசர்பாடிப் பெண். ஃபுட்பாலில் கோல் கீப்பர். அவளைத் தாண்டி ஒன்றும் போகாது என்று பெயர்.

முதல் நாளே விபரீதம். பந்து வந்தது. ஒரு கோல் கீப்பர் என்ன செய்வாளோ அதை யமுனா செய்தாள் — இரண்டு கைகளையும் நீட்டினாள். இடது கையில் தோல் கிளவுஸ். வலது கையில் ஒன்றுமில்லை. அந்த வெறுங்கை கிளவுஸுக்கு முன்னால் வந்து நின்றது. நடுவிரல் பூவன் பழம் மாதிரி வீங்கிவிட்டது.

மறுநாள் அவள் அம்மாவே மைதானத்துக்கு வந்துவிட்டார். இட்லிக் கடை வைத்திருப்பவர். கையில் கரண்டி இல்லை, அவ்வளவுதான்.

"இன்னொரு வெரல் வீங்கிகினு வந்தான்னு வையி, இதுவும் கெடையாது, ஃபுட்பாலும் கெடையாது. வூட்டோட கெடக்க வேண்டிதான்!"

"இனிமே அடிபடாது ஆன்ட்டி. நான் கேரன்டி" என்றாள் ஸ்டெல்லா.

"நீ இன்னா பெரிய டாக்டரா, கேரன்டி குடுக்க?"

விரல் வீக்கம் வடிந்ததும், ஒரு காலையில் டாக்டர் ஸ்டெல்லா தன் யூனிஃபார்ம் துப்பட்டாவோடு வந்தாள்.

"கைய பின்னால வை."

"எதுக்குடி?"

"வையின்றேன்ல."

யமுனாவின் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

"இன்னாடி, போலீசு புடிச்சுகினு போற மாரி கட்டுற!"

"ஒன் கைதான் திருடன். கூப்புடாமலே வந்துடுது."

முதலில் கீழ்க்கையாக மெதுவாகத் தூக்கிப் போட்டாள். "பந்து வர்றதுக்கு முன்னாலயே கிளவுஸ தொறந்து காட்டு. இடுப்புக்கு மேல வந்தா வெரலு வானத்த பாக்கணும். கீழ வந்தா தரைய பாக்கணும். குத்தாத! வர்ற பந்தோட கையும் கொஞ்சம் பின்னால போவட்டும்."

உள்ளங்கையில் விழுந்தால் 'சொத்' என்று ஒரு சத்தம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் குழியில் விழுந்தால் 'டப்'. ஸ்டெல்லாவுக்கு அந்தச் சத்தமே போதும். அடுத்த பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "'சொத்'னு கேட்டுச்சு, மறுபடி" என்பாள்.

நான் கிளவுஸைப் பார்க்கவில்லை. யமுனாவின் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் அது வெடுக்கென்று துள்ளியது. கட்டிய துப்பட்டாவுக்குள் அந்தக் கை ஓடி வரத் துடித்தது. இத்தனை வருடமாக அவள் கோலைக் காத்த கை அல்லவா? சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்?

நாளாக ஆகப் பந்தின் வேகம் கூடியது. எனக்கே பயமாகிவிட்டது.

"கொஞ்சம் மெதுவா எறியக் கூடாதாம்மா?"

"ஞாயித்துக்கெழம மேட்சு சார். அங்க மெதுவா எறிய முடியாது. இங்க ஏமாத்துனா அங்க அடிபடுவா."

மெதுவாகப் போடுவதுதான் அன்பு என்று நான் நினைத்திருந்தேன். நீங்களும்தானே?

ஞாயிற்றுக்கிழமை நானும் திருவொற்றியூருக்குப் போனேன். கடற்கரையை ஒட்டிய மைதானம், நல்ல காற்று. யமுனாவின் அம்மாவும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, ஒரு தூக்குச்சட்டியோடு வந்திருந்தார். துப்பட்டா அன்றைக்கு ஸ்டெல்லாவின் பையில்.

கடைசிக் கட்டம். நம் பெண்கள் ஒரு ரன் முன்னால். எதிரணியில் ஒருத்தி ரன் எடுக்கத் தயாராக மூன்றாவது மெத்தையில். இன்னும் ஒரே ஒருத்தி அவுட் ஆக வேண்டும். இப்போது அடிக்கப்போகிறவள் ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டுவிட்டால் அந்த ரன் சேர்ந்து ஆட்டம் சமம்.

பந்து புழுதி கிளப்பிக்கொண்டு உருண்டது. ஸ்டெல்லா ஓடிப்போய் அள்ளினாள். விழப்போகிற நிலையிலேயே எறிந்தாள். அவள் எறிந்ததில் நான் பார்த்த ஒரே மோசமான பந்து அது... தாழ்வாக, விலகி, முழு வேகத்தில்.

யமுனாவின் வலது கால் நுனி மெத்தையில். இடது கால் முன்னால் போயிற்று... போய்க்கொண்டே இருந்தது. உடம்பு தரையோடு தரையாக நீண்டது. கிளவுஸ் திறந்து, விரல்கள் தரையைப் பார்த்தன.

டப்.

அம்பயர் கை தூக்கியிருப்பார். பெண்கள் கத்தினார்கள். நான் பார்த்தது யமுனாவின் வலது கையை. அது முதுகுக்குப் பின்னால் மடங்கி, தன் டி-ஷர்ட்டையே கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் கட்டவில்லை.

எத்தனையோ மேட்ச்களுக்குச் செய்தி எழுதியிருக்கிறேன். இப்படி நின்று ஒரு கையைப் பார்த்ததில்லை.

அம்மா மைதானத்துக்குள் வந்தார். வாழ்த்து எல்லாம் இல்லை. நேராக மகளின் வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். பிறகு கிளவுஸைக் கழற்றினார்.

"இது இன்னா இப்டி செவந்து கீது?"

"நீங்க வீங்குறதுதானே சொன்னீங்க ஆன்ட்டி? செவக்கறது கணக்குல வராது" என்றாள் ஸ்டெல்லா.

தலையில் ஒரு செல்லக் குட்டு விழுந்தது. "வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வா, ரெண்டு பேரும் துன்னுங்க."

மறுநாள் காலை வழக்கம்போல் மைதானம். அன்றைக்கு ஃபுட்பால். கோல் கம்பங்களுக்கு நடுவே யமுனா நின்றிருந்தாள். பந்து வந்தது. இரண்டு கைகளும் ஒன்றாகப் பாய்ந்தன.

இன்றைக்கு ஃபுட்பால் என்று அந்த வலது கைக்கு யார் போய்ச் சொன்னார்களோ!