வரவு மட்டும் எழுதிய நோட்டு

‘முதலாளியம்மா’ என்ற பெயரை நாத்தனார் முதலில் கேட்டது பேருந்தில். பின்சீட்டில் இரண்டு பெண்கள், “முதலாளியம்மாகிட்ட தைக்கக் குடுத்தியா? கடையைவிட மலிவு” என்று பேசிக்கொண்டு வந்தார்கள். யாரடா அந்த மகாராணி என்று காதைத் தீட்டினால், ஆள் வேறு யாருமில்லை, சொந்த அண்ணன் பெண்டாட்டிதான். நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணி இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். முன்னறையில் ஒரு தையல் மெஷின். பள்ளிச் சீருடை தைப்பாள். மெஷினின் இழுப்பறைதான் கஜானா. தைத்த காசு, காய்கறிக் காசு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அதற்குள் ஒன்றாகப் புரண்டு கிடக்கும். சாயங்காலம் திறந்து பார்ப்பாள். உள்ளே ரூபாய் நோட்டு தெரிந்தால் அன்றைக்கு லாபம். என்ன ஒரு கணக்கு!

இரும்புச் சாமான் கடைக் கல்லாவில் பதினாறு வருஷமாக உட்காரும் நாத்தனாருக்கு இதெல்லாம் பொம்மை விளையாட்டு. ஊரார் விஷயம் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அண்ணி பெரிய தெருவில் கடை பிடிக்கப் போகிறாளாம். மூன்று வருஷ ஒப்பந்தம், திங்கட்கிழமைக்குள் நாத்தனாரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும். வாடகை நின்றால் நாத்தனாரின் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணி வீட்டில் போய் உட்கார்ந்தாள்.

“கணக்கு நோட்டைக் காட்டுங்க அண்ணி.”

பூப்போட்ட அட்டை, முத்து முத்தான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் வரவு. செலவு ஒரு வரி இல்லை.

“செலவு எங்க?”

“அத எழுதினா மனசு கெட்டுப்போகுது. அப்புறம் தைக்கவே கை வராது.”

“நல்லா இருக்கு! கண்ண மூடிக்கிட்டா கடன்காரன் போயிடுவானா? ஒரு செட்டு எவ்வளவுக்குக் குடுக்கறீங்க?”

“நானூறு. கடையில நானூத்திப் பத்து. அதான் பத்து கொறச்சேன்.”

“துணி?”

“முந்நூத்திப் பத்து.”

“பட்டன், நூல், ஜிப்பு?”

“முப்பத்தஞ்சு.”

“கரண்டு, இஸ்திரி எல்லாம் இருபதுன்னு வைங்க. மிச்சம் முப்பத்தஞ்சு. உங்க கூலி?”

“எனக்கு நானே கூலி குடுத்துக்கணுமா? இது என்ன கூத்து?”

“அரை நாள் குனிஞ்சு தைக்கிறவளுக்கு முப்பத்தஞ்சு! கடையில வேலைக்கு ஆள் வச்சா அந்தக் காசுக்குக் கதவத் திறந்துட்டு ஓடிடுவா.”

நாத்தனாருக்குக் குஷி தலைக்கேறியது. “அந்த முப்பத்தஞ்சாவது இழுப்பறையில தங்குதா? யாரு எடுத்தா, எழுதுங்க” என்றாள்.

அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அண்ணி நோட்டில் எழுதாததை எல்லாம் மனதில் எழுதி வைத்திருந்தாள். பேனாவை எடுத்தாள். அண்ணன், தினம் டீ, சிகரெட். அண்ணன், வண்டி டயர். அண்ணன், சிநேகிதனுக்குக் கைமாற்று, திரும்பவில்லை. ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போனது. பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்த அந்த உத்தமர் மெதுவாக எழுந்து கடைத்தெருப் பக்கம் நழுவினார்.

அண்ணி நிறுத்தவில்லை. கடைசியில் இப்படி எழுதினாள்: நாத்தனார் பிள்ளைகள், மூன்று வருஷம், ஆறு செட், வரவு இல்லை.

“அது... சொந்தத்துக்குள்ள, அண்ணி...”

“சொந்தம்தான். துணிக்கடைக்காரன் எனக்குச் சொந்தம் இல்லையே.”

பதினாறு வருஷம் அடுத்தவன் காசை எண்ணியவளுக்குத் தன் பிள்ளைகள் முதுகில் கிடந்த துணி கணக்கில் வரவில்லை!

அண்ணி கடை ஒப்பந்தத் தாளை நான்காக மடித்து ஓரமாக வைத்தாள். “கையெழுத்து வேணாம். இந்த வெலைக்குக் கடை போட்டா நான்தான் முழுகிப்போவேன். ஆறு செட்டுக்குக் காசு குடு, போதும்.”

கொடுத்தாள், மூன்று தவணையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இழுப்பறைக்குப் பூட்டு வந்தது. அண்ணன் ஒரு மாதம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. செட்டுக்கு ஐந்நூறு என்று சொன்னதும் மலிவு என்று புகழ்ந்த மகராசிகளில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். மீதிப் பேர் முனகிக்கொண்டே கொடுத்தார்கள்.

முதலாளியம்மா இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில், இரண்டு மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.