படத்தில் விழாத முதுகு

மின்விசிறி இறக்கைகளைத் துடைக்க ஸ்டூலில் ஏறினால், அது ஆடாமல் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். கணவன் வேலைக்குப் போயிருந்ததால் அன்று மாட்டிக்கொண்டவர் அக்காவின் கணவர். முக்கியமான விஷயம் பேச வந்த மனிதர், தலையில் உதிரும் தூசியைத் தட்டக்கூடக் கையில்லாமல் நின்று பேச வேண்டியதாயிற்று.

அத்தானுக்குக் கப்பலில் ஸ்டோர் கீப்பர் வேலை. கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, தண்ணீருக்குள் வெடிபோல ஓசை எழுப்பிக்கொண்டே போகும் கப்பல் அது. நீச்சல் குளத்தில் காவலுக்கு நின்றிருந்தவளை, கழுகுக் கண்ணுக்காரி என்று சிபாரிசு செய்து அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். பயிற்சி கொடுத்து, பைனாகுலரோடு மேல்தளத்தில் நிறுத்தினார்கள். திமிங்கிலம் தெரிந்தால் வாக்கிடாக்கியில் அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஓசையை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு பெரிய கப்பல் தன் பேச்சைக் கேட்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. “பிரேக்கம்மா வந்தாச்சு” என்று சாப்பாட்டு அறையில் கிண்டலடித்தாலும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வாள்.

மற்றத் திமிங்கிலங்கள் ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். பறவையின் அலகுபோல வாய் நீண்டிருக்கும் அலகுத் திமிங்கிலம் அப்படியில்லை, மகா கூச்சக்காரப் பிராணி. மூழ்கினால் ஒரு மணி நேரம்கூட உள்ளேயே கிடக்கும். வந்தாலும் நாலு மூச்சு வாங்கிக்கொண்டு போய்விடும். ஓசைக்கு மிரண்டு அடித்துப்பிடித்து மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டிச் செத்துக் கரையொதுங்கவும் கூடும்.

போன பயணத்தில் அவள் அதன் முதுகைப் பார்த்தாள். பழுப்பு நிறம், தங்களுக்குள் சண்டையில் பல் கீறிய வெள்ளைக் கோடுகள், பின்னால் தள்ளிச் சின்னதாக ஒரு துடுப்பு. கழுத்தில் கேமரா தொங்கியது. கையோ வாக்கிடாக்கிக்குப் போனது. சொல்லிவிட்டுத் திரும்பினால் வெறும் தண்ணீர். அரைநாள் வேலை நின்று கம்பெனிக்கு நஷ்டம், ஒன்றும் எழும்பவில்லை. பார்த்தது சந்தேகம்தான் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடுவோம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் அத்தானிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“முதல்ல ஒரு படம் எடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்லையேம்மா.”

“நான் படம் எடுத்து முடிக்கிறவரைக்கும் அது தலையில இடி விழட்டும்னு விடறதா?”

அத்தான் கோபப்படவில்லை. சிபாரிசு செய்த தன் முகத்தையும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார். இந்தச் சம்பளத்துக்கு நீச்சல் குளத்தில் எத்தனை வருஷம் விசிலடிக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பொய் சொல்லச் சொல்லலை. சந்தேகம்னு ஒரே ஒரு வார்த்தை. உனக்கே துளிக்கூட இல்லையா?”

அது சுருக்கென்று தைத்தது. அலையைத்தான் பார்த்தோமோ என்று வீட்டுக்கு வந்தபின் அவளே தன்னைக் குடைந்துகொண்டவள்தான். ஆனால் அலை மேல் பல் கீறல் எங்கிருந்து வரும்?

துணியை வாளியில் போட்டுவிட்டு இறங்கினாள்.

“இப்ப அப்படிச் சொல்லிட்டா, அடுத்த தடவை ஒரு முதுகைப் பார்த்ததும் என் கை வாக்கிடாக்கிக்குப் போகுமா, அத்தான்?”

அவர் ஸ்டூலை விட்டார். தோளில் கிடந்த தூசியை நிதானமாகத் தட்டினார். பையை எடுத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனார்.