வெறும் வயிற்றோடு வந்தவர்கள்

எனக்குச் சர்க்கரை வியாதி. பசித்தால் கோபம் வரும். எதிரே நிற்பது யார் என்றுகூடப் பார்க்க மாட்டேன். ஆக்சிலியாவை முதன்முதலில் நான் பார்த்தது அப்படிப்பட்ட ஒரு காலையில்தான்.

மொரப்பூர் பக்கம் எங்கள் ஊருக்கு வரும் வழியில் பழைய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்பியதும் பழையதை மருத்துவ அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கண்ணாடி ஊசி, மர ஸ்டெதாஸ்கோப், இரும்புக் கட்டில் என்று அந்தக் காலத்துச் சாமான்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான் ஆக்சிலியா. இருபது வருஷம் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளி முதுகுத்தண்டு தேய்ந்தவர். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து இங்கே உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்தாரா என்றால் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்துகிறேன் என்று அவரே கேட்டு அனுமதி வாங்கினார். முதல் மாதம் வந்தது மூன்று பேர். அடுத்த மாதம் மழை, ஒருவரும் வரவில்லை. மூன்றாம் தடவையும் கூட்டம் இல்லையென்றால் கட்டடத்தை மருந்துக் கிடங்கு ஆக்கிவிடுவோம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகச் செயலாளர் பெரியநாயகம் சொல்லிவிட்டார். கிடங்கில் பெட்டி தூக்க வேண்டும். ஆக்சிலியாவால் முடியாது. வேலை போய்விடும்.

அதனால் ஆட்டோ ஓட்டும் தீர்த்தகிரியை மைக் கட்டி ஊர் ஊராக அறிவிக்கச் சொன்னார். பழைய ஆஸ்பத்திரியில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நிகழ்ச்சி, அனுமதி இலவசம். எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். தீர்த்தகிரி எத்தனையோ முகாமுக்கு மைக் பிடித்தவன். "சுகர் இருக்கறவங்க வெறும் வயித்தோட வாங்க" என்று வழக்கம்போல ஒரு வரி சேர்த்துவிட்டான்.

அறுபது பேர் போனோம். ஒருவர் வயிற்றிலும் பச்சைத் தண்ணீர் இல்லை. வரிசையைப் பார்த்து ஆக்சிலியா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான் மருந்துச் சீட்டை நீட்டியதும் அது போய்விட்டது.

"ஐயா, இங்க டாக்டர் இல்லீங்க. இது பழைய சாமான் பாக்கற எடம். என்ன சொல்லிட்டுப் போறாங்கன்னு நான் கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான்."

"துருப்பிடிச்ச கட்டிலப் பாக்கவா மாத்திரை போடாம வந்தேன்?" என்று கத்தினேன். பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"சுகர்காரங்க பசியோட நிக்கக் கூடாதுங்க. சாப்பிட்டுட்டுத் திட்டுங்க" என்றார். தீர்த்தகிரியை இட்லி வாங்க விரட்டினார். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். நான் இட்லிக்காகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

எங்கள் ஊர்க் காவேரி தட்டும் கையுமாகச் சுற்றி வந்தவள், ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு குச்சி. அதன் முனையில் வட்டமாகச் சின்னச் சின்னப் பற்கள்.

"இது அம்மை குத்தறதுல்ல? கையில வெச்சுத் திருகுவாங்களே. ஆளு வந்தா சோளக்காட்டுல போயிப் படுத்துக்குவோம்."

"மாட்டுனீங்களா?" என்று கேட்டார் ஆக்சிலியா.

"மாட்டாமயா?" காவேரி ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். காசு அகலத்தில் இரண்டு தழும்பு.

ஆக்சிலியா பெட்டியைத் திறந்து அந்தக் குச்சியைக் காவேரி கையிலேயே கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சட்டைக் கையைச் சுருட்டினோம். யார் எங்கே ஒளிந்தோம், எப்படிப் பிடிபட்டோம் என்று ஒரே பேச்சு. என் முறை வந்தது. நான் பிடிபட்டேன், என் அண்ணன் ஓடித் தப்பித்தான். மறு வருஷம் அம்மையில் அவன் போய்விட்டான். வருஷக்கணக்காக யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன். ஆக்சிலியா குச்சியை வாங்கி என் கையில் வைத்தார்.

பத்து மணிக்குப் பெரியநாயகம் வந்தார். கிடங்குக்கு அளவெடுக்க டேப்போடு வந்திருந்தார். முப்பது பேர் சட்டைக் கையைச் சுருட்டி நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"நீங்களும் காட்டுங்க சார்" என்றாள் காவேரி.

தயங்கித் தயங்கிச் சுருட்டினார். அவருக்கும் இரண்டு இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு டேப்பைப் பைக்குள் போட்டார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா. அடுத்த மாசம் என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரு டாக்டரையும் அனுப்பி வைங்க சார். இவங்க எப்படியும் வெறும் வயித்தோடதான் வருவாங்க."

என்னைத்தான் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பொட்டலத்தில் மிஞ்சிய இரண்டு இட்லியை ஆக்சிலியாவிடம் நீட்டினேன். பதற்றத்தில் அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாவிக்கொத்தை மடியில் போட்டுக்கொண்டு, நான் திட்டிய அந்த இரும்புக் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.