தேடப் போன எண்ணெய்

என் மாமா கடலில் காணாமற்போய், சுறாப் புட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். இப்படிச் சொன்னால் உம்மாவுக்குப் பிடிக்காது. தன் தம்பிக்காக அழுத அழுகையெல்லாம் வீணாய்ப் போனது போல இருக்குமாம். ஆனால் நடந்தது அதுதான்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம். அதற்கு முன் எங்கள் கடலுக்கு நீளமே கிடையாது. நேவிக்காரர் தந்த பாஸில் எவ்வளவு தூரம் போகலாம் என்று இருந்ததோ அவ்வளவுதான் கடல். தடைகள் நீங்கியதும் ஊர் ஆண்களெல்லாம் அவிழ்த்துவிட்ட கன்றுகள் மாதிரி வடக்கே ஓடினார்கள். மாமா எல்லோரையும்விடக் கூடுதலாக ஓடினார். நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் வழிதவற முடியாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மாமாவின் எஞ்சினோ அது மறைகிற தூரத்துக்குப் போய்த்தான் நின்றது. போன் நனைந்து செத்துப்போனது. தெற்கேயிருந்து வந்த காற்று படகை இன்னும் வடக்கே தள்ளிக்கொண்டு போனது.

ஒரு படகு திரும்பவில்லையென்றால் எங்கள் கரையில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. விடிந்ததும் நிற்கிற படகெல்லாம் தேடப் போகும். வலை ஏற்றமாட்டார்கள், ஐஸ் ஏற்றமாட்டார்கள், மண்ணெண்ணெய்க் கான்களை மட்டும் ஏற்றுவார்கள். வழியில் மீன்கூட்டமே துள்ளினாலும் தேடுகிற நாளில் தூண்டில் போடக் கூடாது. எரிகிற எண்ணெய் அவரவர் எண்ணெய். அதைப்பற்றிப் பிறகு யாரும் வாய் திறப்பதுமில்லை.

வாப்பாவும் போனார். அந்த நாட்களில் ஒரு வலைத் தகராறில் அவருக்கும் மாமாவுக்கும் கதை பேச்சு இல்லை. அதனாலேயே மற்றவர்களைவிடக் கூடுதல் தூரம் போய்த் தேடினார். பக்கத்து வீட்டுக்காரரும் போனார். அவருக்குச் சொந்தப் படகு இல்லை. கற்பிட்டிச் சம்மாட்டி ஒருவரின் படகை ஓட்டிப் பங்கு வாங்குகிறவர்.

இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. உம்மா அழுது அழுது குரல் அடைத்துப்போனாள். மூன்றாம் நாள் பகல், மன்னார்ப் பக்கத்துப் படகு ஒன்று மாமாவின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. மாமா கையில் ஒரு பை நிறையக் கருவாட்டோடு இறங்கினார். இடுப்பிலிருந்து அவிழ்த்து, உதவி கேட்டுத் துடுப்பில் கட்டி வீசிய சிவப்புச் சாரன் தோளில் கிடந்தது. “அந்தப் பக்கத்து ஆக்கள் சாப்பிடாமப் போக உடல்ல ராத்தா. சுறாப் புட்டு. என்ன ருசி தெரியுமா?” என்றார். உம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். மாமாதான் முடிய விடவில்லை. ஜும்ஆ முடிந்து எல்லோரும் கரையில் கூடியிருந்தபோது, தேடப்போன படகுகளுக்கெல்லாம் தான் எண்ணெய் தரப்போவதாகச் சொன்னார். யாரோ தங்கள் வாயில் மண் போட்ட மாதிரி எல்லோர் முகமும் கோணியது. வாப்பாதான் முதலில் எழும்பினார்.

“காசு வாங்கித் தேடினா அது கூலி. கூலிக்காரன் பொழுது பட்டாத் திரும்பி வந்துருவான். நாளைக்கு என்ட படகு வராட்டி, இவன் எண்ணெய் தருவானா மாட்டானாண்டு யோசிச்சா தேடப் போவீங்க?”

“உங்கட உசிருக்கும் உழைப்புக்கும் விலை குடுக்க எனக்கு ஏலாது மச்சான்,” என்றார் மாமா. “எரிஞ்சது எண்ணெய். அத எண்ணெயாவே தாரன். என்னைத் தேடி வந்தவன், நாளைக்கு எண்ணெய் இல்லாமக் கரையில குந்தி இருக்கப் போடாது.”

“ஒரு சொட்டு எடுத்தவனும் இந்தக் கரையில மனிசன் இல்ல!” என்று வாப்பா முடித்துவைத்தார். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். வாப்பா அன்று வீட்டுக்கு நடந்து வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிவாசல் மினாராவே எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து வந்தது போல இருந்தது.

மாமா விடுகிற ஆளா? அடுத்த நாள், ஆண்கள் வலை இழுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, தேடப்போன ஒவ்வொரு வீட்டு வேலியோரமும் ஒரு கான் மண்ணெண்ணெய் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கானின் பிடியிலும் அந்தச் சிவப்புச் சாரனிலிருந்து கிழித்த ஒரு துண்டு கட்டியிருந்தது.

கான்கள் வந்த வேகத்திலேயே திரும்பிப் போயின. அன்று பின்னேரமே மாமாவின் முற்றம் எண்ணெய் ஷெட் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கான் போகவில்லை. உம்மா அதன் துணியை அவிழ்த்துவிட்டு, குசினிக்குப் பின்னால் வாப்பாவின் கான்களோடு வரிசையாக வைத்துவிட்டாள். கான்கள் எல்லாம் ஒரே சாதி, ஒரே மஞ்சள். மறுநாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வாப்பா கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார். ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று ஊர் கூட்டிச் சொன்னவர், ஒரு கான் நிறைய எரித்துக்கொண்டு, நல்ல பாடு, படகு நிறையப் பாரை மீனோடு திரும்பி வந்தார்.

அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது? அவிழ்த்த சிவப்புத் துணியை உம்மா எங்கள் கறுப்பு ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டியிருந்தாள். வழக்கமாகக் கொல்லையில் கட்டுகிற குட்டியை அன்றைக்கென்று பாதையோர வேலிக் கட்டையில் கட்டியிருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் குட்டியைப் பார்த்தார்கள், பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார்கள்.

“மச்சான்ட எண்ணெய் நல்லா இழுக்குதா?” என்று கரையில் கேட்டிருக்கிறார்கள். வாப்பா வீட்டுக்கு வந்து குதித்த குதியில் கோழிகள் கூரைக்கு ஏறின.

உம்மா மீன் அரிவதை நிறுத்தவில்லை. “தம்பி கொண்டுவந்து வெச்சான், எடுத்து வெச்சன். பொம்புளைக்கு உங்கட கரைச் சட்டம் எல்லாம் தெரியுமா?”

புகையாகிப்போன எண்ணெயை யார் திருப்பிக் கொடுப்பது? வாப்பா புதிதாக ஒரு கான் வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். மாமா அதைத் தொடவில்லை. “நீங்களாச்சும் எடுத்தீங்களே மச்சான்!” என்று வாப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். வலைத் தகராறு அந்த இடத்திலேயே செத்துப்போனது. வாப்பா தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வாங்கிய கானையும் தூக்கிக்கொண்டு, மினாராவெல்லாம் இல்லாமல் சாதாரண மனிதராக வீட்டுக்கு வந்தார்.

அவமானமெல்லாம் எனக்குத்தான் மிஞ்சியது. குர்ஆன் ஓதுகிற பள்ளியில் என்னை “எண்ணெய்க் கூலி” என்று கூப்பிட்டார்கள். நான் அழுதுகொண்டு வந்து குட்டியின் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கூரைமேல் எறிந்தேன். உம்மா தடி எடுத்து அதை இறக்கி, மறுபடியும் குட்டிக்குக் கட்டினாள். முந்தியதைவிட இறுக்கமாக. “இதுல கை வெச்சியோ, கை இருக்காது,” என்றாள். என் உம்மாவுக்கு விவரமே இல்லை என்று நான் தீர்மானித்தது அந்த நிமிஷத்தில்தான். அவளோடு கோபித்துக்கொண்டு, இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கடலுக்குப் போனார். தோளில் ஒரு மஞ்சள் கான். பிடியில் சிவப்புத் துணி அவிழ்க்காமலே இருந்தது. அவர் எங்கள் ஆட்டுக்குட்டியைக் கடந்து, எல்லோரும் பார்க்கக் கரைக்கு நடந்தார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. சட்டம் சொன்ன எங்கள் வீடே முதலில் எடுத்திருக்க, அவரை எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு மாமாவின் முற்றத்திலிருந்த கான்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இப்போதும் எங்கள் கரையில் தேடப்போன படகுகளின் வீடுகளுக்கு எண்ணெய் வந்து சேரும். கானில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். தேடப்போவதும் குறையவில்லை.

கான்கள் வந்த அன்று பின்னேரம் நடந்த ஒன்றை நான் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி எங்கள் கிணற்றடியில் உம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். தேடப்போன இரண்டு நாள் எண்ணெயையும் படகுக்காரச் சம்மாட்டி இவர்களுடைய பங்கில் வெட்டிவிட்டாராம். கான் குசினிக்குள், தென்னோலைக் கிடுகுக்குக் கீழே ஒளித்துவைத்திருக்கிறதாம். “எல்லாரும் திருப்பிக் குடுக்கக்குள்ள நாங்க மட்டும் எப்படி ராத்தா வெச்சுக்கிற?” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். உம்மா வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். நானும் வாளிக் கயிறு ஓடுகிற சத்தத்தைத்தான் கவனித்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, என் புருஷனும் தேடப்போன ஒரு நாளில்தான் அந்தக் கிணற்றடிப் பேச்சையும் குட்டியின் கழுத்துத் துணியையும் சேர்த்துப் பார்த்தேன். அவமானம் முதலில் எடுக்கிறவருக்குத்தான் என்று உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவள் முதலில் எடுத்தாள். உடனே போய் அவளிடம் கேட்டேன்.

“போடி,” என்றாள். “கறுத்தக் குட்டிக்குச் சிவப்பு வடிவா இருந்திச்சு.”

குட்டியின் துணியைக் கூரைமேல் எறிந்த அந்த இரவு நான் சாப்பிடாமல் படுத்தபோது, உம்மாவும் சாப்பிடாமல் என் பக்கத்தில் வந்து படுத்தாள். குற்றம் செய்தவளின் வெட்கம் என்று நினைத்து, நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.