ஒற்றைக்குட்டி வீடு

நான் திருடி. ஆட்டுக்குட்டித் திருடி! வாயால் சொல்ல எனக்கு வராது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, எழுபதைத் தொடும் வயதில் உங்களுக்கு எழுதுகிறேன்...

கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒரு கோழிகூடச் சொந்தமில்லை. பெரிய வீட்டு ரங்கம்மா அக்காதான் ஒரு சினை ஆட்டை வாரத்துக்கு விட்டார். மேய்ப்பது நான், ஈனுகிற குட்டியில் பாதி அவருக்கு, பாதி எனக்கு.

ஆடு இரண்டு பெட்டைக்குட்டி போட்டது. ஒன்றைக் கூடையில் மூடி எடுத்துப்போய் அம்மா ஊரில் விட்டுவிட்டு வந்து, "ஒத்தக்குட்டிதானுங்க அக்கா" என்றேன். ஏன் சொன்னேன்? பசியா, ஆசையா... இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? "ஒண்ண எப்படி ரெண்டா வெட்டறது? நீயே வச்சுக்க புள்ள. அடுத்த ஈத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லி, என் மடியில் கேழ்வரகும் கொட்டினார்! அப்போதே காலில் விழுந்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அம்மா வீட்டுச் சீர் என்று சொல்லி மற்ற குட்டியையும் பிறகு ஓட்டிவந்தேன். அந்த இரண்டும் பெருகிப் பட்டியானது. பட்டியை விற்றுக் கிணறு வெட்டினோம். கிணற்றால் நிலம் வந்தது, மகன் படித்தான். பெரிய வீட்டிலோ பாகம் பிரித்துப் பிரித்துக் கரைந்துபோனது. எண்பத்திரண்டில் மழை பொய்த்தபோது அவர்களுடைய மேட்டுக்காட்டை என் மகனே கிரயம் வாங்கினான்.

அன்று அக்கா என் கையை விடவேயில்லை. பல் போன வாய் நிறையச் சிரிப்பு. "எம் பசங்களுக்கு அவ்வளவு இருந்தும் வச்சுப் பொழைக்கத் தெரியல. இவளுக்கு நான் உட்டது ஒத்தக்குட்டி... பாருங்க!"

"ரெண்டு குட்டி போட்டிருந்தா ஊரையே வாங்கியிருப்பாங்க!" என்றார் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்...

சொன்னால் அக்கா மன்னித்துவிடுவார். அதுதான் பயம்! நிலம் போன பிறகு அவருக்கு மிஞ்சிய பெருமை அந்தக் குட்டி ஒன்றுதான். அதையும் நான் பிடுங்குவதா? இல்லை, இப்படிச் சொல்லி என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?

இப்போது ஊரில் எங்கள் வீட்டுக்கே 'ஒத்தக்குட்டி வூடு' என்று பெயர். காரிமங்கலம் பஸ்ஸில் இறங்கி யாராவது வழி கேட்டால், அக்காவே கோலை ஊன்றிக்கொண்டு கூட்டிவருகிறார். "நான் குடுத்த ஒத்தக்குட்டிதானுங்க" என்று வழியெல்லாம் பேச்சு.

வாசலில் அவரை உட்காரவைத்து மோர் கொடுக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டுதான்.

"இன்னும் வெக்கத்தப் பாரு இவளுக்கு!" என்கிறார்.