இன்னொரு தபா

கிழவி கதை கட்டுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. நடந்ததைத்தான் சொல்கிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படியுங்கள்.

2012, பிப்ரவரி. தானே புயல் அடித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. என் தங்கை மகன் செம்பியன் சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். தொழில் படுத்துவிட்டது, சார்ஜாவுக்கு விசாவும் வந்துவிட்டது. அவன் மனைவி ரேகாதான், "ஒரே ஒரு குறும்படம் எடுத்துப் போட்டிக்கு அனுப்புங்க. அதுவும் தேறலன்னா போங்க" என்று அழுதிருக்கிறாள். நடிப்பதற்குக் கடலூரிலிருந்து என்னைக் கூட்டிப்போனார்கள்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்குள் ஒரு வீடு. மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லை. குடியிருப்பவரும் இல்லை.

யாரோ எடுத்த வீடியோ எங்கோ கிடைத்தது போல இருக்க வேண்டுமாம் படம். பாட்டு கிடையாது, லைட் கிடையாது. மருமகள் வேஷம் ரேகாவுக்கு. கேமராவும் அவள் கையில்தான். புயலில் மகனைப் பறிகொடுத்த தாய் நான். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, திறந்த பின்வாசலைப் பார்த்து, "உள்ள வாய்யா. வந்து உட்காரு" என்று கூப்பிட வேண்டும்.

"நீ எங்கடா நிப்பே?" என்றேன்.

"கேமரா எந்தப் பக்கம் வேணா திரும்பும் பெரிம்மா. நான் உள்ள இருந்தா மாட்டிக்குவேன். செவுத்துக்கு அந்தாண்ட நின்னு கொரல் குடுக்குறேன்."

"தப்பானா வெட்டி ஒட்டிக்கயேன்."

"ஒட்டுனா பொய்யின்னு தெரிஞ்சிடும். ஒரே மூச்சுல வரணும்."

"கல்யாணத்துல மாமியார் மூக்கு சிந்துறதையே வெட்டாதவரு இவரு" என்றாள் ரேகா.

ஐந்து மணிக்குத் தொடங்கினோம். கூப்பிட்டேன். சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"இன்னொரு தபா."

"சரிப்பா."

மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் "இன்னொரு தபா." ரேகாவுக்குக் கை கடுத்தது. ஒவ்வொரு முறையும் கேமராவை நிறுத்தாமல் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினாள். எனக்கு முட்டி விண்விண்ணென்று தெறித்தது. ஏழோ எட்டோ, எண்ணவில்லை.

வெளிச்சம் மங்கியது. விளக்கு வைக்கிற நேரத்தில், ஆளில்லாத வாசலைப் பார்த்து 'வா' என்போமா? வீட்டுப் பெண்கள் யாரும் சொல்லமாட்டோம். நடிப்புதானே என்று நான் சொன்னேன். திரும்பத் திரும்ப.

"இன்னொரு தபா."

அலுப்பில் கவனிக்கவில்லை. குரல் இப்போது சுவருக்கு அப்பால் இல்லை...

அடுப்படியில்.

"சரிப்பா. உள்ள வாய்யா. வந்து உட்காரு."

"இன்னொரு தபா."

என் காதுக்குள்...

கூப்பிட்டேன்.

க்ர்ர்ரீச்...

கட்டில் கயிறு.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

ஆறு இருபதுக்கு வெளியே பைக் சத்தம். செம்பியன் கையில் பேட்டரியோடு உள்ளே வந்தான்.

"முடிஞ்சுதா? பண்ருட்டியில ஜெனரேட்டர் போட்ட கடையில சார்ஜ் ஏத்திக்கிட்டு வரேன். ரெண்டாவது வாட்டி 'இன்னொரு தபா' சொல்லிட்டுக் கெளம்புனது. நடுவுல சத்தம் வந்தா டேக் கெட்டுடுமேன்னு சொல்லல, வண்டியையும் ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போனேன்."

ரேகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராவை அவனிடம் நீட்டினாள்.

சிதம்பரத்தில் டேப்பைப் போட்டுப் பார்த்தோம். முதல் இரண்டு "இன்னொரு தபா" இருந்தது. அதன்பின் இல்லை. தரை தெரிகிறது. அமைதி. பிறகு என் "சரிப்பா" மட்டும்.

கடைசி முறை. நான் கூப்பிடுகிறேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறேன். எனக்கு ஞாபகமே இல்லை. என் பக்கத்தில் கயிறு மெல்ல... மெல்ல... அமுங்குகிறது.

"இத அனுப்ப வேணாம்" என்றான் செம்பியன்.

"அனுப்புங்க" என்றாள் ரேகா.

அனுப்பினான். தேர்வாகிவிட்டது. கட்டிலை எப்படி அமுக்கினீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதை வைத்து நாலு பேர் வேலை கொடுத்தார்கள். சார்ஜா போகவில்லை.

ஐப்பசியில் ரேகா கடலூர் வந்திருந்தாள். இரண்டு பேரும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அத்தே, எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லியிருந்தா படத்த அனுப்பியிருக்க மாட்டாரு. சார்ஜா போயிருப்பாரு. அதான் வாயத் தொறக்கல."

"என்னம்மா தெரியும்?"

"கேமராதான் கீழ பாத்துது. நான் உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். 'இன்னொரு தபா'ன்னது அவரு கொரலுதான்..."

அரிவாள்மனையை நகர்த்தி வைத்தாள்.

"அசைஞ்ச வாயி உங்களுது."