ஜெமெலி தூங்கிய மதியம்

மலை மேல் ஓட்டக்காரர்களின் ஊரான இட்டெனில் ஓடாத ஆளை வலைவீசித்தான் தேட வேண்டும். அப்படித் தேடினால் அகப்படும் ஒரே ஆள் சைலஸ் தனுய் என்று மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் ஹோசியா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சைலஸ் வண்டியில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். மழைக்குக்கூட நடந்துதான் ஒதுங்குவான். அப்பேர்ப்பட்டவன் கட்டிக்கொண்டது ஜெமெலியை. பள்ளத்தாக்கின் அடியில் ஆடு மேய்த்துக்கொண்டு இருந்தவள், ஓட்டப் பயிற்சிக்காக மேலே வந்த முதல் நாள், மேட்டுச் சாலையில் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று சைலஸ் கேட்டான். காசுக்கு வேறு செலவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் ஓடியே மேலே வந்து சேர்ந்தாள். அன்று விழுந்தவன்தான் சைலஸ், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு ஒரு குணம். முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் பொறுக்காது. சனிக்கிழமை நீண்ட ஓட்டம் ஓடிவிட்டு, ஞாயிறு தேவாலயத்தில் உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை ஊரே கால் ஆறுவதற்காக மெதுவாக ஓடும். பேசிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் போகிற கூட்டம் அது. ஜெமெலி மட்டும் அத்தனை பேரையும் தாண்டிக்கொண்டு போவாள். டீக்கடையில் அவளுக்குத் திங்கட்கிழமை சாம்பியன் என்று பேர் வைத்துவிட்டார்கள். நிஜப் போட்டி வந்தால் கடைசிச் சுற்றில் அவள் கால்கள் மரக்கட்டையாகிவிடும்.

காலில் என்ன மிச்சம் இருக்கும்? விடியும் முன்பே பால் கறப்பாள். ஓடிவிட்டு வருவாள். மகள் செரோனோவைப் பள்ளிக்கு அனுப்புவாள், தண்ணீர் கொண்டுவருவாள், துணி துவைப்பாள், சோளக் காட்டில் களை எடுப்பாள். சாயங்காலம் மறுபடி ஓட்டம், மறுபடி பால். மதியச் சாப்பாடு முடிந்ததும் இந்த ஊரில் ஓடுகிற ஆண்கள் எல்லாம் படுத்துவிடுவார்கள். அவர்களை எழுப்புவது பாவம் என்பதுபோல் வீட்டார் அடி மேல் அடி வைத்து நடப்பார்கள். அதே ஓட்டத்தை ஓடிய பெண்டாட்டி படுத்தால் மட்டும், உடம்புக்கு என்ன, காய்ச்சலா என்று கேட்பார்கள். சைலஸும் சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வந்து டீ கேட்பான். கேட்கலாமா என்று அவன் யோசித்ததே இல்லை. கேட்ட டீ வந்துகொண்டே இருக்கும்போது யாருக்குத்தான் யோசனை வரும்?

ஜெமெலிக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரிசல் விட்டது. ஆறியது. அவள் அவசரப்பட்டு ஓடினாள். அதே இடத்தில் மறுபடி விட்டது. கோச் லாபன் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, கட்டிலில் கிடந்த ஜெமெலியை விட்டுவிட்டு, கதவோரம் நின்ற சைலஸைப் பார்த்துப் பேசினார்.

"ஓடி உடைச்சுக்கிட்டான்னு நினைக்காத தம்பி. இவ தூங்காம உடைச்சுக்கிட்டா."

எலும்பு ஓடும்போது தேய்கிறது, தூங்கும்போதுதான் கட்டிக்கொள்கிறது, இவள் அதற்கு நேரமே கொடுக்கவில்லை என்றார். குழுவில் அவள் இடத்தைப் புத்தாண்டு வரை பிடித்து வைப்பதாகவும், மூன்றாவது தடவை விட்டுப்போனால் அதோடு ஓட்டத்துக்கு முழுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சைலஸ் மதியத்தில் வண்டி ஓட்டுவதை விட்டான். வேலியோரம் உட்கார்ந்து துணி துவைத்தான். கீரை நறுக்கினான், சோள மாவைக் கிண்டிக் களி செய்தான். சாலையில் போகிற ஹோசியா வேண்டுமென்றே வண்டியை நிறுத்துவான்.

"சைலஸ் அக்கா, வெள்ளைத் துணியத் தனியா ஊறப் போடணும்க்கா."

மற்றவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். சைலஸுக்குக் காது மடல் வரை சுடும். சோப்பு நுரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல் இருக்கும். ஆனாலும் மறுநாள் அதே இடத்தில்தான் உட்கார்ந்தான்.

இவ்வளவு அவமானமும் எதற்கு என்றால், உள்ளே அவள் தூங்குவதற்கு. அவளோ தூங்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி அவன் வேலையைக் காதால் மேற்பார்வை செய்தாள். பானைச் சத்தத்தை வைத்தே தண்ணீர் போதாது என்பாள். கன்று கத்தினால் எழுந்து ஊன்றுகோலைத் தேடுவாள். சாலையில் யாராவது ஓடும் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். உடம்பு மட்டும்தான் படுத்திருந்தது. மனசு எழுந்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சைலஸுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணை மூடுவதில் என்ன கஷ்டம், கல்லா உடைக்கச் சொல்கிறேன் என்று கேட்டான்.

"கண்ண மூடினா எல்லாரும் என்னத் தாண்டிப் போறாங்க, செரோனோ அப்பா," என்றாள் அவள். "நீயும் துணியத் தூக்கிக்கிட்டுப் போற."

சைலஸ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

செலாகத்தைப் போய்ப் பார் என்று சொல்லி அனுப்பியது லாபன்தான். செலாகத், வெளிநாட்டு நகரங்களில் எல்லாம் ஜெயித்துவிட்டு வந்தவள். வீட்டுச் சுவரில் பதக்கம் மாட்ட இடம் போதாமல், பழையவற்றைக் கன்றுக்கு மாட்டியிருப்பதாக ஊரில் கதை. சைலஸ் தனக்குத் தோதான நேரம் என்று மதியத்தில் ஜெமெலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். ஓடுபவர் வீட்டுக்கு மதியத்தில் போகக் கூடாது என்பது இந்த ஊரில் செரோனோவுக்குக்கூடத் தெரியும்.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் ஒரு மெத்தையில் செலாகத் மல்லாந்து கிடந்தாள். வெளியே, கயிற்றை அவிழ்த்துக்கொண்ட மாடு ஒன்று கீரைப் பாத்திக்குள் நின்று நிதானமாக மேய்ந்துகொண்டு இருந்தது. ஜெமெலி பதறிப்போய் ஊன்றுகோலை ஓங்கிக்கொண்டு அதை விரட்டக் கிளம்பினாள்.

"விடு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கண்கள் திறக்கவில்லை. "மூணு மணி வரைக்கும் நான் செத்துப் போனவ."

சொல்லிவிட்டு அவள் உண்மையிலேயே தூங்கிப்போனாள். மாடு ஒரு பாத்தியை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. ஜெமெலி மரத்தடியில் உட்கார்ந்து, ஊன்றுகோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாட்டைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டாள். சைலஸ் மாட்டைப் பார்க்கவில்லை. தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நெஞ்சு ஏறி இறங்குவதைத் தவிர அந்த உடம்பில் ஓர் அசைவு இல்லை. கீரை போகிறதே என்ற கவலை முகத்தில் துளியும் இல்லை. ஓட்டத்தில் அவள் ஜெயித்ததை அவன் டிவியில் பார்த்திருக்கிறான், கைதட்டியிருக்கிறான். ஆனால் மயிர்க்கூச்செறிந்தது இப்போதுதான்.

மூன்று மணிக்கு எழுந்து வந்தாள். மாட்டை ஒரு தட்டுத் தட்டிக் கட்டிவிட்டு, டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். திங்கட்கிழமைகளில் என்னைத் தாண்டிப் போகிற பெண் நீதானே, அழகாக ஓடுவாய், நான் அப்போது பாதித் தூக்கத்தில் இருப்பேன் என்றாள். அதில் குத்தலே இல்லை. அதனாலேயே ஜெமெலிக்கு நன்றாகக் குத்தியது. கீரை எல்லாம் போய்விட்டதே என்று மட்டும் சொன்னாள்.

"போனா முளைக்கும்," என்றாள் செலாகத். அவள் பார்வை ஜெமெலியின் காலில் இருந்தது. "விட்டாத்தான் எதுவும் முளைக்கும், பொண்ணே. நீ எதையும் விட மாட்டேங்குற."

அடுத்த திங்கட்கிழமை காலை சைலஸ் ஆவலை அடக்க முடியாமல் செலாகத்தின் பின்னால் வண்டியை விட்டான். அவள் போன வேகத்துக்கு வண்டி முதல் கியரிலேயே திணறியது. இரண்டு தடவை எஞ்சின் நின்றுபோய் உதைத்துக் கிளப்பினான். புத்தகப் பை மாட்டிய பிள்ளைகள் அவளைத் தாண்டி ஓடிப் பழித்துக் காட்டினார்கள். அவள் கைதட்டினாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அதே சாலையில் அதே பெண் போனபோது அவன் மூன்றாவது கியரைப் போட வேண்டி வந்தது. நேற்றைய நிதானத்துக்குள்தான் இன்றைய வேகம் இருந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இதைப் பார்க்காமல் போனோமே என்று திகைத்துப்போனான். வீட்டுக்கு வந்து சொன்னான். அன்று மதியம் கன்று கத்தியபோது ஜெமெலி எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லையே தவிர, தூக்கமும் வரவில்லை. நாள் போகப் போக ஊன்றுகோலை விட்டாள். நடந்தாள். கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று லாபன் சொன்னபடி செய்தாள், ஒரு அடிகூடக் கூடுதலாக வைக்கவில்லை. மதியத்தில் மட்டும் சொன்ன சொல் கேட்காமல் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. லாபன் வந்து கட்டைவிரலால் எலும்பை அழுத்தினார். அவள் பல்லைக் கடித்தது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்போதும் இப்படியே வலித்தால் ஓட்டத்தை மறந்துவிடு, வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு என்றார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஓடாவிட்டால் நான் யார் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

எலும்பு கூடியது எப்போது என்று கேட்டால் லாபன் ஒரு நாளைச் சொல்வார், சைலஸ் வேறு ஒரு நாளைச் சொல்வான். அவன் சொல்வது அந்த வாரத்தின் நடுவில் வந்த ஒரு மதியம்.

அறுவடை முடிந்து, வருடத்துக்கான சோளம் முழுக்க உதிர்க்கப்பட்டு முற்றத்தில் தார்ப்பாயில் காய்ந்துகொண்டு இருந்தது. வெயில் கொளுத்தியது. சைலஸ் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தான். பள்ளத்தாக்குப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்ததை அவன் கவனிக்கவில்லை. முதல் துளி தகரக் கூரையில் அறைந்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தான். இந்த ஊரில் காயப்போட்ட சோளத்தில் மழை விழுந்தால், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவள்கூட எழுந்து ஓடி வருவாள். ஜெமெலி வராமல் இருப்பாளா? அவள் வந்தால் நடந்தா வருவாள்? கட்டிலிலிருந்து குதித்து, இரண்டே தாவலில் முற்றத்துக்கு வந்து, மூட்டையைத் தூக்கித் தோளில் போடுவாள். அந்தக் காலோடு.

சைலஸ் சோளத்தை வாரினான். வாரிக்கொண்டே கதவைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினான். சாக்கை எடுக்க ஓடினான், தார்ப்பாயின் மறுமுனைக்கு ஓடினான், வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். சோளம் போனால் போகட்டும், அந்தக் கதவு மட்டும் திறக்க வேண்டாம் என்று கடவுளைக் கெஞ்சினான். சாலையில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்த ஹோசியாவும் இன்னும் சிலரும் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டி வந்து கூடவே வார ஆரம்பித்தார்கள். ஒரே கூச்சல். பாதிச் சோளம் அதற்குள் ஊறிப்போய்விட்டது.

"எங்கடா உன் பொண்டாட்டி?" என்று ஹோசியா மழைக்கு மேல் கத்தினான். "வருஷச் சாப்பாடே நனையுது, கூப்பிடுடா அவள."

சைலஸ் கூப்பிடவில்லை. சேற்றுக் காலோடு போய்க் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினான்.

ஜெமெலி தூங்கிக்கொண்டு இருந்தாள். தலைக்கு மேல் தகரம் இடிபோல் முழங்கியது, ஆட்கள் கத்தினார்கள், வருடச் சாப்பாடு நனைந்தது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் விரிந்து, விரல்கள் எதையும் பிடிக்காமல் கிடந்தன. கட்டிக்கொண்ட நாள் முதலாக அந்தக் கைகள் சும்மா கிடந்து அவன் பார்த்ததில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிய அந்தக் கால் அசையவே இல்லை. சைலஸ் தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வந்தபடியே வெளியே போய், கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். ஹோசியா இன்னும் கத்திக்கொண்டு இருந்தான். சைலஸ் உதட்டில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாதீங்கடா," என்றான். "உள்ள அவ வேலை செஞ்சுக்கிட்டு இருக்கா."

ஹோசியா வாயைத் திறந்தான், சைலஸின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். கொட்டுகிற மழையில் அவர்கள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்ச மூட்டைகளை ஒவ்வொன்றாக, அடி மேல் அடி வைத்து, அந்தக் கதவைத் தாண்டிக் கொண்டுபோனார்கள்.